ஒன்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி ஓ.பி.

கேள்வி: எம்.பி.பி.எஸ். படித்து, 2009-இல் ஹவுஸ் சர்ஜன்சி முடித்தேன். அதன்பிறகு 2016 வரை தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டேன். அவர் போன வருடம் தவறிவிட்டார். இப்போது எனக்கு 39 வயது. மறுபடி நோயாளிகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் என் கையால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மூன்று மாதமாக மெடிசின் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தும் எதுவும் மனதில் நிற்கவில்லை. வீட்டு முன்னறையில் சின்னதாக கிளினிக் போடு என்கிறார் கணவர். ஒரு நர்சிங் ஹோமில் நைட் டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுது என்கிறாள் தோழி. மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அவள் பரீட்சை முடியும்வரை பொறுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தின் கீழே பெயரை மட்டும் எழுதியிருந்தீர்கள், முன்னால் டாக்டர் என்று போடவில்லை. அதைப் பார்த்ததும் மனது கஷ்டப்பட்டது. மருத்துவ கவுன்சிலில் உங்கள் பெயர் இருக்கிறது, படித்த படிப்பு இருக்கிறது, ஏழு வருடம் இரவும் பகலும் பார்த்த நோயாளிகள் இருக்கிறார்கள். அதனால் நான் உங்களை டாக்டர் என்றே கூப்பிடப் போகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். நானும் குழந்தைகளுக்காக மூன்று வருடம் விட்டுத் திரும்பியவள்தான். அதற்குப் பிறகு, இப்படித் திரும்பி வந்த சிலரை என் ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. உங்களுக்கு இருக்க வேண்டிய பயம்தான் அது. நம் ஊரில் பதிவு செல்லுபடியாக இருந்தால் போதும், ஒன்பது வருடம் கழித்து வருபவர்கூட நாளைக் காலையிலேயே பிரிஸ்கிரிப்ஷன் எழுதலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவும் மாட்டார்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. மூன்று மாதம் வேலையில் இல்லாமல் இருந்தாலே, திரும்புவதற்கு ஒரு திட்டம் போட்டுக்கொள் என்று அங்குள்ள ராயல் கல்லூரிகளின் வழிகாட்டுதல் சொல்கிறது. குடும்ப மருத்துவர் இரண்டு வருடத்துக்கு மேல் விலகியிருந்தால், மேற்பார்வையோடு திரும்பி வரத் தனித் திட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மூன்று வருட இடைவெளிக்கு மேல் போனால், எப்படித் திரும்பப் போகிறீர்கள் என்று மருத்துவ வாரியத்திடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும் பழக்கம் விட்டால் கை தளரும் என்பதை அந்த ஊர்களில் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அமைப்பு செய்து கொடுப்பதை இங்கே நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போவது முழுக்க அதுதான்: முதல் மூன்று மாதம் இன்னொரு டாக்டரின் கண்பார்வையில் வேலை செய்யுங்கள். தனியாக வேண்டாம்.

அதனால் நைட் டியூட்டி வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் எம்.பி.பி.எஸ்.காரர்களுக்கு முதலில் கிடைப்பது எப்போதும் இந்த வேலைதான். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஷிப்ட் அது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருவார். கன்சல்டன்ட் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இ.சி.ஜி.யைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுமா என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்த நோயாளிக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. முதல் வாரத்திலேயே ஒரு கெட்ட இரவு வந்து, இது நமக்கு ஆகாது என்று ஸ்டெத்தை மறுபடி பீரோவில் வைத்துவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள்.

முன்னறை கிளினிக்கும் இப்போது வேண்டாம். உங்கள் கணவர் அன்பில்தான் சொல்கிறார். வீட்டிலேயே இருந்தால் சுலபம் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த அறையில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் இருப்பீர்கள். சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்க ஆள் கிடையாது. தவறு செய்தால் அது தவறு என்று சொல்லவும் ஆள் கிடையாது. தவிர, தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் சின்ன கிளினிக்கையும் பதிவு செய்ய வேண்டும், மருத்துவக் கழிவை 2016 விதிகளின்படி அகற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். மேசையும் நாற்காலியும் போட்டால் முடிகிற காரியம் இல்லை. ஒரு வருடம் கழித்து நிதானமாக யோசித்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே போவது? பகல் நேர ஓ.பி. நன்றாக ஓடுகிற, குறைந்தது ஒரு மூத்த மருத்துவராவது அதே கட்டடத்தில் இருக்கிற இடத்துக்கு. மிஷன் மருத்துவமனைகள், பல வருடமாக நடக்கும் குடும்ப மருத்துவர் கிளினிக்குகள், இரண்டு மூன்று கன்சல்டன்ட் உள்ள நடுத்தர மருத்துவமனைகள். விளம்பரம் பார்த்துத் தேட வேண்டாம். உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: “ஒன்பது வருடம் விட்டிருந்தேன். திரும்ப வருகிறேன். முதலில் மூன்று மாதம் மேற்பார்வையில் பழக வேண்டும். யாரிடம் கேட்கலாம்?” இதை எழுத எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுங்கள். கூடப் படித்தவர்களில் இப்போது யாராவது ஒருவர் ஒரு துறைக்கோ மருத்துவமனைக்கோ தலைமையில் இருப்பார். திருச்சியிலேயே இருக்கலாம்.

நேர்காணலில் இடைவெளியை மறைக்காதீர்கள், அதற்காக மன்னிப்பும் கேட்காதீர்கள். “2016-இலிருந்து 2024 வரை வீட்டில் பக்கவாத நோயாளியைப் பார்த்துக்கொண்டேன்” என்று சொல்லுங்கள். எட்டு வருடம். அதில் மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப் போட்டிருப்பீர்கள், யூரின் கத்தீட்டர் மாற்றியிருப்பீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்திருப்பீர்கள். சாப்பாடு புரையேறிக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “ஃபிசியோதெரபி தொடரவும்” என்று ஒரு வரி எழுதுகிறோமே, அந்த வரி ஒரு வீட்டில் என்ன பாடு படுகிறது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒரு வார்டில் நேரடியாகப் பயன்படுகிற அறிவு இது.

மூன்று மாதத்தை எப்படி நடத்துவது என்றும் சொல்கிறேன். முதல் மூன்று நான்கு வாரம் நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு நோயாளியும் பேசி முடித்ததும், நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே எங்கே வேறுபடுகிறதோ அதுதான் உங்கள் பாடத்திட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை மட்டும் படியுங்கள். இந்த மூன்று மாதமாகப் புத்தகம் மனதில் நிற்காததற்குக் காரணம் உங்கள் மூளை இல்லை. நோயாளியின் முகம் இல்லாமல் படித்தால் எனக்கும் நிற்காது. ஒரே ஒரு ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், அன்று இரவு இதயச் செயலிழப்பைப் பற்றி நாற்பது பக்கம் படித்துவிடுவீர்கள்.

அடுத்த நான்கு வாரம் நீங்கள் பார்த்து எழுதுங்கள், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மூன்றாவது மாதம் நீங்களே முழுதாகப் பாருங்கள். ஆனால் கூப்பிட்டால் வரும் தூரத்தில் அவர் இருக்க வேண்டும். நைட் டியூட்டியெல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெறுமனே உட்கார்ந்து பார்க்கும் முதல் மாதத்துக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் நோயாளி பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து சம்பளம் உண்டு என்பதையும், மேற்பார்வை யார் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “பழகிக்கொள்ளத்தானே வந்தீர்கள்” என்று ஆறு மாதம் இலவசமாக ஓ.பி. ஓட்ட வைக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் கையெழுத்துக்கு முன்னால் தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் 5 மில்லி என்று எழுதினேன். என் மனதில் இருந்தது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப். அந்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கு அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ். சிரப் என்றோ எத்தனை மில்லிகிராம் என்றோ நான் எழுதவில்லை. ஸ்டாஃப் நர்ஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “மேடம், இங்கே டிராப்ஸ்தான் இருக்கு, அஞ்சு மில்லியா?” என்று கேட்டார். கொடுத்திருந்தால் 500 மில்லிகிராம், நான் நினைத்ததைப்போல நான்கு மடங்கு. அந்தச் சிஸ்டரின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து குழந்தைக்கு எழுதும் எந்த மருந்துக்கும் எடை, மில்லிகிராம், பாட்டிலின் அளவு மூன்றையும் எழுதாமல் சீட்டை நீட்டியதில்லை.

ரத்தக்குழாயில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடும்போது கை நடுங்குமே என்று நீங்கள் பயப்படலாம். அது பத்துப் பதினைந்து பேருக்குப் போட்டால் திரும்பிவிடும். நல்ல ரத்தக்குழாய் உள்ள பெரியவர்களிடம் ஆரம்பியுங்கள். வார்டில் கைதேர்ந்த சிஸ்டர் ஒருவர் இருப்பார், அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கையைவிட மருந்து எழுதுவதில்தான் ஆபத்து அதிகம். பழைய பழக்கத்தில் பேனா தானாக ஓடிவிடும், ஆனால் இடையில் மருந்து மாறியிருக்கும். அதனால் இரண்டு மூன்று மத்தியானங்கள், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார அனுமதி கேளுங்கள். வருகிற சீட்டுகளையும் அலமாரியில் இருக்கும் பெட்டிகளையும் பாருங்கள். எந்தப் புத்தகத்தையும்விட வேகமாக, ஒன்பது வருடத்தில் என்ன மாறியது என்று அந்த அலமாரி சொல்லிவிடும்.

முக்கியமாக நீங்கள் பார்க்கப் போவது டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. நீங்கள் வேலையை விட்டபோது விலை உயர்ந்த மருந்து, எப்போதாவதுதான் கண்ணில் படும். 2020 அக்டோபரில் காப்புரிமை முடிந்து ஏகப்பட்ட கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தன, விலை இறங்கியது. இப்போது சர்க்கரைக்கு மட்டுமல்ல, சர்க்கரையே இல்லாத இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் எழுதுகிறோம். இதில் உங்களைப் போல 2016-இல் நின்றவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் என்றால் சர்க்கரை 400, 500 இருக்கும் என்றுதானே நாம் படித்தோம். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 180 இருக்கும்போதே அது வரலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வந்தால் குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாகாமல் கீட்டோன் பார்க்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்பது போய்விட்டது. 2017 அக்டோபர் முதல் நாடு முழுக்கத் தினசரி, எடைக்கு ஏற்ற கூட்டு மாத்திரை. அரசின் காசநோய்த் திட்டத்தின் பெயரே 2020-இல் மாறிவிட்டது. சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதோடு நிற்காமல், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆஸ்துமாவுக்கு சால்புட்டமால் இன்ஹேலர் மட்டும் எழுதி அனுப்பும் வழக்கத்தை 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே கைவிட்டுவிட்டது. கூடவே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இருக்க வேண்டும். குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. பழைய ஓ.பி.யில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம், ஞாபகம் இருக்கிறதா? வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ரானிடிடினை 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். சட்டப் பக்கத்தில், 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலையும் 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டத்தையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்து மலைத்துப் போகாதீர்கள். மாறாதது இதைவிட நிறைய. டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. பாம்புக்கடிக்கு, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது மாறவில்லை. கையைத் தொட்டு நாடி பார்ப்பதும், “எப்போதிலிருந்து?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருப்பதும் மாறவில்லை. அதெல்லாம் உங்களிடம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் அது உங்களுக்கே தெரிய வரும்.

செய்ய வேண்டிய சின்ன வேலைகள் சில. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் உங்கள் பதிவின் நிலை, முகவரி, திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அது, எல்லாவற்றையும் சரிபார்த்து எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்று 2002 ஒழுக்க விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர் ஐ.எம்.ஏ. (இந்திய மருத்துவச் சங்கம்) கிளை நடத்தும் கூட்டங்களுக்குப் போக ஆரம்பியுங்கள். மணிக்கணக்கு சேரும், மனிதர்களும் கிடைப்பார்கள். இதயம் நின்றவரின் உயிர் காக்கும் பயிற்சிகளான பி.எல்.எஸ். (அடிப்படை), ஏ.சி.எல்.எஸ். (உயர்நிலை) இரண்டையும் புதிதாக எடுங்கள். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், உங்களுடையது என்றோ முடிந்திருக்கும். அந்தப் பயிற்சியில் பொம்மையின் நெஞ்சை அழுத்தி அழுத்தி வேர்த்து வரும்போது, பயத்தில் பாதி போய்விடும்.

நீட் பி.ஜி. பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். உங்களால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. மறுபடி புத்தகத்தோடு ஒரு அறைக்குள் போய்விடுவீர்கள், நோயாளியிடம் போவது இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போகும். முதலில் கால் ஊன்றுங்கள். பிறகு படிக்க ஆசை இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும்படி வேலூர் சி.எம்.சி. நடத்தும் குடும்ப மருத்துவ டிப்ளமோ இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு, மாதம் ஒரு ஞாயிறு வீதம் பன்னிரண்டு வகுப்பு நடக்கும் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களின் ஓ.பி.யில் வித்தியாசம் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

நகர்ப்புற நலவாழ்வு மையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒப்பந்த மருத்துவர் பணி அவ்வப்போது வரும், உங்கள் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல வேலை. ஆனால் பல மையங்களில் டாக்டர் ஒருவர்தான். அதனால் அதை நான்காவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விஷயம். “கொஞ்சம் உதவி செய்யுங்கள்” என்று கணவரிடம் கேட்காதீர்கள். உதவி என்றால் அது உங்கள் வேலை, அவர் கை கொடுக்கிறார் என்று ஆகிவிடும். காலையில் டிபன் யார், மகனை டியூஷனிலிருந்து யார் கூட்டி வருவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓ.பி. ஒரு மணிக்கு முடியும் என்பார்கள், இரண்டரைக்குத்தான் முடியும். அதையும் முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் திரும்பிய வருடம் வேலை கஷ்டமாக இல்லை, வீட்டுக்குப் போன் செய்து “இன்னும் பத்து நிமிஷம்” என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக, மகளின் பரீட்சை. பொறுக்க வேண்டாம். பத்தாவது முடிந்தால் பதினொன்று வரும், அப்புறம் பன்னிரண்டு, அதற்குள் மகன் பெரிய வகுப்புக்கு வந்துவிடுவான். நான் சொன்ன மூன்று மாதமும் பகல் வேலை, முதல் மாதம் அரை நாள் போதும். அவள் பள்ளிக்குப் போன பிறகு நீங்கள் கிளம்பலாம். பரீட்சை மார்ச்சில். இந்த மாதமே பேட்ச் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டு, கவுன்சில் வேலையை முடித்து, அடுத்த மாதம் யாராவது ஒருவரின் ஓ.பி.யில் உட்கார ஆரம்பித்தால், அவள் ஹால் டிக்கெட் வாங்கும்போது நீங்கள் உங்கள் சொந்தக் கையெழுத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருப்பீர்கள். மார்ச்சில் ஒரு மூன்று வாரம் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.